நெஞ்சில் விழுந்த கதிரும் நுரையீரலின் காவலர்களும்

மாலையானால் மெல்லிய காய்ச்சல். விடாத வறட்டு இருமல். மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடல் இளைக்கிறது. எக்ஸ்ரே படத்தில் இடப்பக்க நுரையீரலின் உச்சியில் ஒரு வெண்ணிழல் தெரிகிறது. இந்த விவரங்களை நம் ஊரில் யாரிடம் சொன்னாலும், அவர் மருத்துவம் படித்தவராக இருந்தாலும் படிக்காதவராக இருந்தாலும், காச நோய் என்றே விடை கூறுவார். பத்தில் ஒன்பது முறை அந்த விடை சரியாகவும் இருக்கக்கூடும். அந்தப் பத்தாவது முறையைப் பற்றித்தான் அன்பு வாசகர்களே, உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

அந்தப் பத்தாவது ஆள் என் உடன்பிறந்த லாத்தா. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் இடப்பக்க மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை அவர் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அறுவை முடிந்து, மருந்தேற்றம் முடிந்து, அதன் பின்னர் ஐந்து வாரங்களில் 25 அமர்வுகள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளுக்கும் நோய் பரவியிருந்ததால், காறை எலும்பின் மேற்பகுதிக்கும் கதிர் செலுத்தியிருந்தார்கள். "எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்று ஊர் வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் நாங்கள் சொந்த பந்தங்களுக்கெல்லாம் சோறாக்கிப் போட்டோம். ஏப்ரலில் இருமல் தொடங்கியது.

ஊரில் பார்த்த மருத்துவரிடம் என் மச்சான்தான் அழைத்துப் போனார். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். பரிசோதனைக்குக் கொடுக்கச் சளியே வரவில்லை. படத்தை வைத்துக் காச நோய்க்கான மாத்திரைகளைத் தொடங்கினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனெனில் லாத்தா தமக்குப் புற்றுநோய் வந்ததையோ, நெஞ்சில் கதிர் வைத்ததையோ அவரிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அந்நிய ஆணொருவர் முன் அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. மச்சானும் சொல்லவில்லை. "முடிந்துபோன நோயை எதற்குக் கிளறுவது?" என்பது அவருடைய எண்ணம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் நீங்கள் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆறு வாரம் மாத்திரை. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதே தவிர இருமல் போகவில்லை. வீட்டில் லாத்தாவுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனி அறை. பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. காச நோய் தட்டாலும் குவளையாலும் பரவுவதில்லை, இருமும்போது காற்றின் வழியே பரவுவது என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு அப்போது வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, "கரண்டு வைத்த உடம்பு, பிள்ளைகளுக்கு ஆகாது" என்று ஒரு பெரியம்மா வேறு சொல்லிவைத்தார்.

நோன்புக்குச் சில நாட்களுக்கு முன் நான் அங்கே போயிருந்தபோது, அலமாரியில் துணிகளுக்கு அடியில் பழைய மருத்துவமனைக் கோப்பு கண்ணில் பட்டது. அதன் கடைசித் தாளின் கடைசி வரிகளில், இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதை அவர்களுக்கு வாயால் எடுத்துச் சொன்னவர் எவருமில்லை. அந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஊர் மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இதை முதல் நாளே காட்டியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் கலைப் பட்டதாரி. கல்லூரியில் படித்தது வரலாறு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மார்க்கக் கல்வி. அறிவியல் என் துறையன்று. ஆயினும் லாத்தாவின் நெஞ்சுக்குள் நடந்தது என்ன என்பதை அறிந்துகொள்ளாமல் என் மனம் அமைதி அடையவில்லை. என்னிடம் சிறுவயதில் ஓதி, இன்று மருத்துவராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர் பொறுமையாகப் படம் வரைந்து விளக்கினார். அவரிடம் கேட்டதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மூச்சறையின் காவலர்கள்

ஒரு நாளில் நாம் ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறோம். அந்தக் காற்று போய்ச் சேருமிடம் நுரையீரலின் காற்று நுண்ணறைகள். இவற்றின் எண்ணிக்கை முப்பது கோடிக்கும் ஐம்பது கோடிக்கும் இடையே இருக்கும் என்கிறார்கள். ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். அதன் வழியாகத்தான் உயிர்வளி உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது.

இவ்வளவு மெல்லிய சுவரை வைத்துக்கொண்டு, தூசியும் புகையும் கிருமியும் நிறைந்த காற்றை வாழ்நாள் முழுவதும் உள்ளே விட்டால் என்ன ஆகும்? அதற்காகவே ஒவ்வோர் அறையிலும் காவலர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். மேக்ரோபேஜ் என்பது அவர்களுடைய பெயர். தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். உள்ளே விழும் தூசியையும் கிருமியையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் வேலை. உடம்பின் அணு அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்குகிறது என்பதை 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் முள்ளைக் குத்திப் பார்த்துக் கண்டறிந்தவர் இலியா மெச்னிகோவ். 1908இல் பால் எர்லிக் என்பவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அளித்தார்கள்.

புகைபிடிக்காத, நலமான ஒருவரின் நுரையீரலுக்குள் சிறிது உப்புநீரை விட்டு உறிஞ்சியெடுத்துப் பார்த்தால், அதில் கிடைக்கும் அணுக்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு, இந்தப் பெருவிழுங்கிகள்தாம். மீதியில் பெரும்பகுதி லிம்போசைட் எனப்படும் நிணநீரணுக்கள். முன்னவை வாசற்காவலர்கள் என்றால், பின்னவை பகைவனின் முகத்தை நினைவில் வைத்திருந்து மறுமுறை வந்தால் அடையாளம் காட்டும் ஒற்றர்கள்.

காவலர்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவர்கள் சத்தம் போடாதவர்கள். நாளெல்லாம் உள்ளே விழும் தூசிக்கெல்லாம் ஊரைக் கூட்டினால் அந்த மெல்லிய சுவர் தாங்காது. அதனால் அவர்கள் பெரும்பாலும் ஓசையின்றி விழுங்கிவிட்டு இருந்துவிடுகிறார்கள். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள். கதிர்வீச்சு கெடுப்பது இதைத்தான்.

கதிர் விழும்போது

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். மறு ஆண்டே அதைப் புற்றுக்கட்டிகள் மீது செலுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மார்பில் கதிர் வைத்தவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து நுரையீரல் அழற்சி வருவதை 1920களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இது புதிய செய்தியன்று. நூறாண்டுப் பழைய செய்தி எங்கள் ஊர் வரை வரவில்லை, அவ்வளவுதான்.

அளவைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். உடல் உள்வாங்கும் கதிரைக் கிரே என்ற அலகால் அளக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு நெடுங்காலமாக 25 அமர்வுகளில் 50 கிரே என்பது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பின் 15 அமர்வுகளில் 40 கிரே என்ற முறையும் பரவிவிட்டது. நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் உடலுக்குக் கிடைப்பது இதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கவே அஞ்சி நிற்காதீர்கள். நான் சொல்வது சிகிச்சைக்காகத் தரும் பெரிய அளவைப் பற்றியது.

மார்பகத்திற்குக் கதிர் செலுத்தும்போது அதைச் சாய்வாகத்தான் செலுத்துகிறார்கள். எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டாலும், விலா எலும்புக்கு அடியிலுள்ள நுரையீரலின் ஒரு கீற்று அந்தப் பாதையில் அகப்பட்டுக்கொள்கிறது. காறை எலும்புப் பகுதிக்கும் கதிர் வைத்தால் நுரையீரலின் உச்சியும் அகப்படும். காச நோய் விரும்பிக் குடியேறும் இடமும் அந்த உச்சிதான். லாத்தாவின் படம் மருத்துவரை ஏமாற்றியது இதனாலேயே.

கதிர் விழுந்ததும் முதலில் மடிபவை நிணநீரணுக்கள். விரைந்து பெருகும் அணுக்களே கதிரால் அதிகம் பாதிக்கப்படும் என்று 1906ஆம் ஆண்டு பெர்கோனியே, டிரிபாண்டோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு விதி வகுத்தார்கள். நிணநீரணு அந்த விதிக்கு அடங்காதது. பெருகாமல் ஓய்ந்திருக்கும்போதுகூட ஓரிரண்டு கிரே பட்டாலே சில மணி நேரங்களில் அது தானாகவே மடிந்துவிடுகிறது. உடம்பின் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகவே சுற்றி வருவதால், ஒவ்வோர் அமர்விலும் அவ்வழியே கடந்துபோகும் நிணநீரணுக்களும் கதிரில் சிக்குகின்றன. சிகிச்சைக் காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்து வெள்ளணுக்களை எண்ணிப் பார்ப்பது இதற்காகவும்தான்.

பெருவிழுங்கிகள் அவ்வளவு எளிதில் மடிவதில்லை. ஆனால் அவை மாறிவிடுகின்றன. கதிர் நுரையீரலில் உள்ள நீர்மூலக்கூறுகளை உடைக்கிறது. அதிலிருந்து பிறக்கும் துடுக்கான துகள்கள் அணுக்களின் மரபு இழைகளை அறுக்கின்றன. நுண்ணறைகளின் சுவரணுக்களும், இரத்த நுண்குழாய்களின் உட்சுவரும் புண்படுகின்றன. புண்பட்ட அணுக்கள் அபாயக் குறிப்புகளைக் கசியவிடுகின்றன. இதுவரை ஓசையின்றிப் பணி செய்த காவலர்கள் அந்தக் குறிப்பை உணர்ந்ததும் கூக்குரல் எழுப்புகிறார்கள். இன்டர்லூக்கின் போன்ற பெயர்களைக் கொண்ட அழைப்புப் பொருட்களை அவர்கள் சுரக்க, இரத்தத்திலிருந்து புதிய அணுக்கள் படையெடுத்து வருகின்றன.

குடிசைத் தெருவில் தீப்பிடித்தால் ஊரார் திரண்டு தண்ணீர் ஊற்றுவார்கள். தீ அணைந்த பிறகும் வந்தவர்கள் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்சுவர் என்னவாகும்? நுரையீரலில் நடப்பது ஏறக்குறைய அதுவே. கதிர் ஓர் அமர்வுக்குச் சில நிமிடங்கள்தாம். அது தொடங்கிவைத்த கூக்குரலோ வாரங்கள், மாதங்கள் ஓய்வதில்லை. இடையில் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்திற்குள், சிலருக்கு ஆறு மாதம் வரைகூடக் கழித்து, இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் தலைகாட்டும். எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நிம்மதி அடைந்திருக்கும் நேரம் பார்த்து அது வருகிறது.

இதில் என்னைப் பெரிதும் வியக்க வைத்தது வேறொன்று. கதிர் பட்ட இடத்தில் மட்டும்தான் அழற்சி இருக்கும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1993ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கம் மட்டும் கதிர் வைத்துக்கொண்ட பெண்களின் இரு நுரையீரல்களையும் கழுவிப் பார்த்தார்கள். கதிரே படாத மறுபக்க நுரையீரலிலும் நிணநீரணுக்கள் பெருகியிருந்தன. முதலில் மடிந்தவை எவையோ அவையே பின்னர் பெருங்கூட்டமாகத் திரும்பி வந்து, குற்றம் செய்யாத அறைகளிலும் புகுந்திருக்கின்றன. ஆக இந்த நோய் கதிர் சுட்ட புண் மட்டுமன்று. உடலின் காவற்படை கலங்கிப் போனதன் விளைவும் அதில் இருக்கிறது.

கூக்குரல் அடங்காமல் நீடித்தால் அடுத்த கட்டம் வருகிறது. பெருவிழுங்கிகளும் மற்ற அணுக்களும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது, புண்ணை மூடு என்னும் கட்டளை. அதை ஏற்று நார் நூற்கும் அணுக்கள் கொலாஜன் என்னும் நாரை நூற்று நூற்று அடுக்குகின்றன. தோலில் புண் ஆறித் தழும்பாவது நல்லது. காற்றறையின் மெல்லிய சுவர் தழும்பானால் அங்கே காற்று நுழையாது. ஆறு மாதத்திற்குப் பின் தெரியவரும் இந்தத் தழும்பு, இரண்டாண்டு அளவில் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. ஆனால் மறைவதில்லை.

மாற்றான் காவலர்கள்

வரலாறு படித்தவன் என்பதாலோ என்னவோ, இந்தக் காவலர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற ஆராய்ச்சியின் கதை என்னை ஈர்த்தது. 1976ஆம் ஆண்டு டோனல் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஒரு சோதனை செய்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில், எதிர்ப்பாலினத்தவரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களைத் தேர்ந்து, அவர்களுடைய நுரையீரல் பெருவிழுங்கிகள் ஆணுடையவையா பெண்ணுடையவையா என்று பார்த்தார்கள். சில மாதங்களில் அவை மஜ்ஜை கொடுத்தவருடையவையாக மாறியிருந்தன. மஜ்ஜையில் பிறந்து, இரத்தத்தில் பயணம் செய்து, நுரையீரலில் குடியேறுபவர்களே இந்தக் காவலர்கள் என்று முடிவு கட்டினார்கள். தாமஸுக்கு மஜ்ஜை மாற்றுப் பணிக்காக 1990இல் நோபல் பரிசும் கிடைத்தது.

பல்லாண்டுகள் கழித்து, 2013 அளவில், எலிகளில் நடந்த ஆய்வுகள் வேறு செய்தியைச் சொல்லின. நலமான எலியின் நுரையீரலில் இந்தக் காவலர்கள் பிறப்பதற்கு முன்பே புறப்பட்டு, பிறந்த சில நாட்களில் குடியேறி, அங்கேயே தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டு வாழ்கிறார்கள். மஜ்ஜையிலிருந்து ஆள் வரவேண்டிய தேவை அங்கே மிகக் குறைவு. அப்படியானால் தாமஸ் கண்டது பொய்யா? இல்லை. மஜ்ஜை மாற்றத்திற்கு முன் நோயாளிக்குத் தரப்படும் கடும் மருந்தும் கதிர்வீச்சும் பழைய குடிகளை அழித்துவிடுகின்றன. காலியான வீட்டில் புதியவர்கள் வந்து குடியேறுகிறார்கள். மனித நுரையீரலில் இது எந்த அளவு என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. எலிகளின் நெஞ்சில் கதிர் வைத்துப் பார்த்தபோதும், பழைய காவலர்கள் குறைந்து இரத்தத்திலிருந்து புதியவர்கள் வந்து அமர்வதைக் கண்டார்கள். புதியவர்களுக்குப் பழையவர்களின் பொறுமை இல்லை. எளிதில் கூக்குரலிடுகிறார்கள், தழும்பு நூற்கும் அணுக்களைத் தூண்டுகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்த காவற்காரர் நிழலைக் கண்டாலும் விசில் ஊதுவதை நாம் பார்த்ததில்லையா?

எல்லாருக்கும் வருமா?

வராது. மார்பகத்திற்குக் கதிர் வைத்துக்கொண்ட பெண்களில் இருமல், மூச்சிரைப்பு என்று தொல்லை தரும் அளவுக்கு இது வருவது நூற்றுக்குச் சிலருக்குத்தான். நுரையீரல் புற்றுநோய்க்கே கதிர் வைப்பவர்களின் நிலை வேறு. மருந்தேற்றத்தையும் கதிரையும் ஒருங்கே பெற்ற நோயாளிகளின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினருக்கு அது தொல்லை தருமளவு வந்திருந்தது. இரண்டு விழுக்காட்டினர் அதனாலேயே இறந்திருந்தார்கள். நுரையீரலில் எவ்வளவு பகுதி 20 கிரேக்கு மேல் வாங்குகிறது என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டு, அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முயல்வது இதனால்தான்.

இங்கே விந்தையான ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். புகைபிடித்துக் கொண்டிருப்பவர்களுக்கு இந்த அழற்சி சற்றுக் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகை அந்தக் காவற்படையை முன்பே மந்தமாக்கி வைத்திருப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்டதும் என் மச்சான் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது! அவருக்கும், அவரைப் போன்ற வாசகர்களுக்கும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகையில் பொலோனியம் 210 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது 1964ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. புகைபிடிப்பவர் தம் கைக்காசைக் கொடுத்துத் தம் நுரையீரலுக்குள் கதிர் வைத்துக்கொள்கிறார். பெருவிழுங்கி அந்தத் துகளை விழுங்கினாலும் அதன் கதிரைச் செரிக்க அதற்கு வழியில்லை.

புதிய மருந்துகளின் காலத்தில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகமும் வந்திருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்த்துப் புற்றுநோயின் மீது ஏவிவிடும் மருந்துகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றான டுர்வாலுமாப் என்பதை, கதிரும் மருந்தேற்றமும் முடித்த நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. நோய் கட்டுப்பட்டிருந்த காலம் நீண்டது. நுரையீரல் அழற்சி மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 34 பேருக்கும், பெறாதோரில் நூற்றுக்கு 25 பேருக்கும் வந்தது. கடுமையாக வந்தது இரு பிரிவிலும் சிலருக்கே. கடிவாளம் அவிழ்த்த குதிரை பகைவனை மட்டுமே மிதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

கொரோனா காலத்தில் நடந்ததையும் ஒரு வரி சொல்லலாம். மிகக் குறைந்த அளவு கதிர், காவலர்களைக் கிளறுவதற்கு மாறாக அடக்கும் என்றொரு பழைய கருத்து உண்டு. பென்சிலின் வருவதற்கு முன் நிமோனியாவுக்கே எக்ஸ்ரே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதை நினைவுகொண்டு 2020இல் பல நாடுகளில், தில்லி எய்ம்ஸ் உட்பட, கொரோனா நோயாளிகளின் நுரையீரலுக்குச் சிறு அளவு கதிர் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்து நடத்திய ஆய்வில் நன்மை ஏதும் தெரியவில்லை. நிணநீரணுக்கள்தாம் குறைந்தன. அந்த நம்பிக்கை அதோடு ஓய்ந்தது.

லாத்தாவுக்கு நடந்தது

கோப்பைப் பார்த்த பின் ஊர் மருத்துவர் எங்களைச் சிகிச்சை நடந்த மருத்துவமனைக்கே அனுப்பினார். அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். என் மாணவர் அந்தப் படத்தை எனக்குக் காட்டி, "உஸ்தாத், இந்த நிழலின் ஓரத்தைப் பாருங்கள்" என்றார். வெட்டிவைத்தாற்போல நேர்கோடாக இருந்தது. கிருமி நுரையீரலின் பிரிவுகளை அனுசரித்துப் பரவும். கதிர் அவற்றைப் பார்ப்பதில்லை, தான் போன பாதையில் கோடு போட்டுவிட்டுப் போகிறது. சளியை வரவழைத்துச் சோதித்ததில் காச நோய்க் கிருமி இல்லை. அந்தச் சோதனையை முடித்துக்கொண்டே அடுத்த மருந்தைத் தொடங்கினார்கள். உறங்கும் காச நோயை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும் என்பதால் அவ்வளவு கவனம்.

அந்த மருந்து பிரட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரை. கூக்குரலிடும் காவலர்களை அமைதிப்படுத்துவது அதன் வேலை. நான்காம் நாளே காய்ச்சல் நின்றது. இரண்டு வாரத்தில் இருமல் பாதியாயிற்று. இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கவிருந்தது. நோன்பு பிறந்துவிட்டது. "உடம்பு தேறிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு வைக்கிறேன்" என்றார் லாத்தா. ஸ்டெராய்டைத் திடீரென நிறுத்தினால் அழற்சி முன்னிலும் வேகமாகத் திரும்பக்கூடும். வெளியிலிருந்து மருந்து வருவதால் ஓய்ந்துபோயிருக்கும் உடம்பின் சொந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாமல், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே மருத்துவர் சொல்கிறபடி வாரக்கணக்கில் படிப்படியாகவே குறைக்கவேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நானே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவனுக்குச் சொந்த லாத்தாவிடம் அதைச் சொல்லி முடிக்க ஒரு முழு இரவு பிடித்தது. விட்ட நோன்புகளைப் பின்னர் அவர் ஒவ்வொன்றாகக் களாச் செய்து முடித்தார்.

உங்கள் இல்லத்திலோ சுற்றத்திலோ நெஞ்சுப் பகுதியில் கதிர் வைத்துக்கொண்டவர் இருந்தால், எந்தப் பக்கம், எத்தனை கிரே, எத்தனை அமர்வு, எந்தத் தேதியில் முடிந்தது என்பதை எழுதிய தாள் மருத்துவமனையிலேயே கிடைக்கும். கேட்டு வாங்கி வையுங்கள். காய்ச்சலுக்குப் போனாலும் பல்வலிக்குப் போனாலும் அதைக் காட்டத் தயங்காதீர்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் தாளை நீட்டினாலே போதும். சிகிச்சை முடிந்த ஆறு மாதத்திற்குள் வரும் இருமலைக் கடைச் சிரப்பில் கரைத்துவிடப் பார்க்க வேண்டாம். அது கதிரால் வந்ததாகவும் இருக்கலாம், உண்மையிலேயே கிருமியாகவும் இருக்கலாம், நோயே திரும்பியதாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது மருத்துவருக்கே சிரமம். அதற்காகக் கதிர்வீச்சே வேண்டாம் என்று ஒதுங்குவோரையும் கண்டிருக்கிறேன். அது பெரும் பிழை. லாத்தா இன்று இருப்பதில் அந்தக் கதிருக்கும் பங்குண்டு.

பெரியம்மா சொன்னதைப் பற்றியும் கேட்டேன். வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் செலுத்தும் கதிர், விளக்கை அணைத்ததும் ஒளி மறைவதைப்போல மறைந்துவிடுகிறது. நோயாளியின் உடம்பில் அது தங்குவதில்லை. பிள்ளைகள் மடியில் தாராளமாக ஏறலாம். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடினை வாய்வழியாகக் கொடுக்கும்போது மட்டும் சில நாட்கள் விலகியிருக்கச் சொல்வார்கள், அது வேறு சிகிச்சை.

இதைச் சொன்ன அன்று மாலையே லாத்தாவின் தனித் தட்டும் குவளையும் அடுப்படியில் மற்றப் பாத்திரங்களோடு சேர்ந்துவிட்டன. யார் எடுத்து வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எடுக்கும் படத்தில், இடப்பக்க நுரையீரலின் உச்சியில் நகக்கீறல் போல அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது. புதிதாகப் பார்க்கும் மருத்துவர் எவராவது புருவத்தை உயர்த்தினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே லாத்தா புர்காவுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையிலிட்ட அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்.